கேலாங்கில் கண்ட காய்ச்சல்



சிங்கப்பூரில் உறவினர் வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்குக் கேலாங் என்றதும் டுரியான் கடைகளும், எண் போட்ட லோரோங்குகளும், கேலாங் ஈஸ்டில் உள்ள சிவன் கோயிலும் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அங்கேயும் தோட்டந்தான். தென்னையும், செராய் என்னும் வாசனைப் புல்லும் விளைந்த மண் அது. கேலாங் செராய் என்ற பெயரிலேயே அந்தப் புல் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது அந்தப் பகுதியில் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த ஒரு சங்கதி.

சிம்ஸ் டிரைவில் ஒரு சின்னக் கிளினிக். இருமல், சளி, தலைவலி என்று அக்கம்பக்கத்தார் வந்து மருந்து வாங்கிப் போகும் இடம். அந்த மாதம் அங்கே வந்தவர்கள் பலருக்கும் ஒரே மாதிரி நோய் கண்டது. இலேசான காய்ச்சல், உடம்பில் செந்தடிப்பு, மூட்டுகளில் வலி. தனித்தனியே பார்த்தால் யாரையும் பயமுறுத்தாத நோய்தான். மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரே அடையாளம் அடுத்தடுத்து வருகிறதே என்று சந்தேகப்பட்ட மருத்துவர், சுகாதார அமைச்சுக்குத் தகவல் கொடுத்தார்.

ஆகஸ்டு 27இல் அல்ஜுனிட் வட்டாரத்துப் பெண் ஒருவருக்கு ஸிக்கா என்று உறுதியாயிற்று. சிங்கப்பூரிலேயே தொற்றியதாகக் கண்டறியப்பட்ட முதல் நோயாளி அவர். மறுநாள் கணக்கு 41 ஆனது. அவர்களில் 36 பேர் பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் அதற்குள் குணமாகியும் விட்டார்கள். கொசு வளர இடம் கொடுத்ததற்காக அந்தத் தளத்தில் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார்கள். நோய் கண்டவர்களில் 13 பேர் நம் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று செப்டம்பர் முதல் தேதி இந்திய வெளியுறவு அமைச்சு அறிவித்தது.

தானே ஆறிப்போகும் காய்ச்சலுக்கு இத்தனை அமளி எதற்கு என்று கேட்பீர்கள். ஸிக்கா கிருமியை 1947இல் உகாண்டா நாட்டுக் காட்டில் ஒரு குரங்கிடம் கண்டுபிடித்தார்கள். வெகுகாலம் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2015இல் பிரேசில் நாட்டில்தான் அதன் கொடுமை தெரிந்தது. கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால், வயிற்றுப் பிள்ளை சிறுத்த தலையோடும் வளர்ச்சி குன்றிய மூளையோடும் பிறக்கக்கூடும்.

கொசுவோடு போராடுவது தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் குளிர்காய்ச்சலில் நடுங்கியதையும், கசக்கும் கொய்னா மருந்தை விழுங்கியதையும் வீட்டில் கேட்டிருப்பீர்கள். மலேரியாவைக் கொசு சுமக்கிறது என்று ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். நாலு வருடம் கழித்து மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். 1901இல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் இறந்தவர்கள் 582 பேர். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தபின், மறு வருடம் அது 144 ஆகக் குறைந்தது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். மலைத்தோட்டங்களில் அந்த வைத்தியம் பலிக்கவில்லை. காட்டை வெட்டி வெளிச்சம் வந்தபோது அங்கே காய்ச்சல் கூடியது. அங்குள்ள கொசு வேறு ஜாதி. வெயில் படுகிற தெளிந்த ஊற்று நீரில் வளர்வது. அதனால் ஊற்று நீரை மண்ணுக்கடியில் குழாய் வைத்து இறக்கினார்கள், நீரின்மேல் எண்ணெய் தெளித்தார்கள். அந்தக் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய கைகளில் நம்மவர் கைகள் எத்தனை என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் டிங்கியையும் ஸிக்காவையும் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பு நிலத்தைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும், பகலில் கடிக்கும். 1960களில் சிங்கப்பூரில் வீடு வீடாகச் சென்று சோதித்தபோது அது மிகுதியாக அகப்பட்ட இடங்களில் ஒன்று, எறும்பு ஏறாதிருக்க அலமாரிக் காலுக்கு அடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம்! நம் லயத்து வீடுகளில் இன்னும் அந்தக் கிண்ணம் இருக்கிறது. 1968இல் அங்கே சட்டமே கொண்டுவந்தார்கள். சில வருடங்களில் கொசு வெகுவாகக் குறைந்தது. அப்படியும் 2020இல் 35 ஆயிரம் பேருக்கு மேல் டிங்கி கண்டது என்றால், இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையல்ல என்பது தெரிகிறதல்லவா?

புகை அடித்தால் போதும் என்று நாம் இருந்துவிடுகிறோம். பறக்கும் கொசுவைத்தான் புகை கொல்லும். முட்டை பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். பால்மரத்து மங்கு, பழைய டயர், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி எதையும் விட்டுவிடக் கூடாது.

இனி நான் செய்த ஒரு தவறு. என் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் திடீரென்று கடும் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. பரீட்சை நெருங்குகிறதே என்று, நாளை பள்ளிக்கு அனுப்புங்கள் என அவன் அம்மாவிடம் சொன்னவன் நான்தான். மறுநாள் காலை வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மூன்று தடவை வாந்தி எடுத்தான். பல் ஈறில் இரத்தம். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நாள் என்று ஆஸ்பத்திரியில்தான் எனக்குச் சொன்னார்கள். ஓயாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, இரத்தக் கசிவு, கைகால் சில்லிடுதல், பிள்ளை நிலைகொள்ளாமல் புரளுதல் அல்லது சோர்ந்து தூங்கி விழுதல், இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அது இரத்தக் கசிவைக் கூட்டும்.

பையன் பிழைத்துக்கொண்டான். அந்த வாரம் சுகாதார இலாகாவினர் எங்கள் தோட்டத்தைச் சோதிக்க வந்தனர். லயத்துப் பீலிகளையும் தொட்டிகளையும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கும் வந்தார்கள். என் மேசைமேல் மணி பிளாண்ட் வைத்திருந்த கண்ணாடிப் போத்தலை ஒருவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதற்குள் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.