மூன்று எழுத்து பிறந்த கதை

1854ஆம் ஆண்டு. சிவகாசிப் பக்கத்துக் கரிசல் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கினார் தாமஸ் ராக்லண்ட். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் ஊழியர். ஊர் ஊராகப் போய்ப் போதித்தவர் நான்கே ஆண்டுகளில் சிவகாசியிலேயே இறந்துபோனார். ஆனால் அந்த வட்டாரத்தில் ஆங்கிலிக்கன் சபை வேர் பிடித்துவிட்டது. வடக்கே மதுரை, திருமங்கலம் பக்கத்தில் 1834 முதலே அமெரிக்கன் மிஷன் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு. அது வரைபடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை, திருவிருந்து மேசைக்குக் குறுக்கேயும் ஓடியது.

பேராயரின் கைவைப்பால் குருப்பட்டம் பெற்றவர்தான் திருவிருந்து பரிமாறலாம் என்பது ஆங்கிலிக்கன் ஒழுங்கு. அமெரிக்கன் மிஷனிலோ பேராயர் என்ற பதவியே கிடையாது. தெற்கே ஞானஸ்நானம் பெற்றவர் பிழைப்புக்காக மதுரைக்குப் போனால், அங்கே போதகர் நீட்டும் அப்பத்தை வாங்கலாமா கூடாதா என்று தயங்கி நிற்க வேண்டும். தங்கள் வழிதான் வேதத்தின் வழி என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. இங்கிலாந்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மூண்ட சண்டைக்கு, கம்பும் பருத்தியும் விதைத்த சம்சாரிகள் இங்கே ஏன் வாரிசாக வேண்டும்? அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தார்.

வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874ல் பிறந்தவர் வே.சா. அசரியா. 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிகள் இந்தியர்களுக்கு எவ்வளவோ கொடுத்தும் நட்பை மட்டும் கொடுக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஓர் இந்தியருக்கு ஆங்கிலிக்கன் சபை அந்தப் பதவியைக் கொடுத்தது அதுவே முதல்முறை. வெள்ளையர் சிலர் எதிர்த்தார்கள், இந்தியர் சிலரும் எதிர்த்தார்கள். அசரியாவின் மனம் அதற்குள் இன்னும் பெரிய வம்பில் இறங்கியிருந்தது.

1919 மே மாத வெயிலில் தரங்கம்பாடியில் அசரியா உட்பட இரு மரபுகளையும் சேர்ந்த 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். இரண்டே நாளில் அறிக்கை தயாரானது: பிளவுகள் நாம் உண்டாக்கியவையல்ல, நம்மேல் சுமத்தப்பட்டவை. ஆகவே ஒன்று சேர வேண்டும். சீக்கிரமே முடிந்துவிடும் என்றுதான் பலரும் நம்பினார்கள். ஆனால் பேச்சுவார்த்தை தொடங்கியதும் முதல் முட்டுக்கட்டை விழுந்தது.

பேராயர் வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால், ஏற்கெனவே பேராயர் கைவைக்காமல் பட்டம் பெற்ற போதகர்களை மறுபடி முழங்காலில் நிறுத்திப் புதுப் பட்டம் கொடுப்பதா? அப்படியானால் இத்தனை காலம் அவர்கள் பரிமாறிய திருவிருந்துக்கு என்ன அர்த்தம்? கூட்டத்துக்குக் கூட்டம் இதே கேள்வி. 1925ல் வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையும் பேச்சில் சேர்ந்தது, சிக்கல் மும்மடங்கானது. இதற்கிடையே வெளியே இன்னொரு தீ பற்றிக்கொண்டது.

சட்டசபையில் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டுமா? கூடாது என்றார் சேலத்து கே.டி. பால். வேண்டும் என்று 1931ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் சிறுபான்மையினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார் நீதிக்கட்சிக் கத்தோலிக்கர் ஏ.டி. பன்னீர்செல்வம். அசரியாவும் தனித் தொகுதியை எதிர்த்தார். சபை ஓர் அரசியல் சாதியாகச் சுருங்கிவிடும் என்பது அவர் அச்சம். அதே அசரியா மதமாற்றம் பற்றிக் காந்தியோடு மோதவும் தயங்கவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் தனித் தொகுதியைக் கொடுத்தே விட்டது. அரசியலில் தோற்றவர் சபை ஒற்றுமையிலாவது ஜெயிப்பாரா?

1943ல் லண்டனிலிருந்து அடி விழுந்தது. கவிஞர் டி.எஸ். எலியட் இந்தச் சபை ஒன்றிப்புத் திட்டத்தைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதினார். அழிவின் வழியே ஒன்றிப்பு என்பது அவர் தீர்ப்பு. 1945 ஜனவரி 1ஆம் தேதி அசரியா இறந்தார். அவர் இல்லாத ஆங்கிலிக்கன் பொதுச்சபை அதே மாதம் கடும் விவாதத்துக்குப் பின் ஒன்றிப்புக்குச் சம்மதித்தது. அந்தச் சம்மதத்தைக் கண்ணால் காண அவருக்குச் சில நாட்கள்தான் குறைந்துபோயின. எனக்கு இந்தக் கதையில் மனம் ஆறாத இடம் இதுதான்.

நாடு விடுதலையாகி ஆறு வாரத்தில், 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் மூன்று சபைகளும் இணைந்தன. தீர்வு இதுதான்: பேராயர் உண்டு, இனிமேல் பட்டம் அவர் கையால்தான். பழைய போதகர்களுக்கு மறுபட்டம் கிடையாது. மனசாட்சி ஒப்பாத ஊழியரை எந்தச் சபைமேலும் திணிப்பதில்லை. அன்று ஒன்பது பேர் புதிதாகப் பேராயர்களானார்கள். மதுரை–ராமநாதபுரத்துக்கு வந்தவர் லெஸ்லி நியூபிகின், வயது 37. பேராயரே இல்லாத ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் மரபில் பட்டம் பெற்றவர்! ஆனால் எல்லாரும் சேரவில்லை. ஆந்திரத்து நந்தியாலில் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். அவர்கள் வந்துசேர 1975 ஆனது.

ராஜபாளையம், செட்டியார்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் வழி கேட்டால், "சி.எஸ்.ஐ. கோயில் தாண்டி" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லுகிறார்களே, அந்த மூன்று எழுத்து பிறந்த கதை இதுதான். தென்னிந்தியத் திருச்சபை. பேராயர் உள்ள சபையும் இல்லாத சபையும் ஒன்றானது உலகத்தில் அதுவே முதல்முறை. இன்று அதே சபையில் தலைவரான மாடரேட்டரின் தேர்தலும் பேராயர்களின் ஓய்வு வயதும் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 28 ஆண்டுகள் உட்கார்ந்து பேசியே பிறந்த சபைக்கு இது அழகல்ல.