ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் எட்டி பிளாங்க்கும்

ஸ்போர்ட்ஸ் கோட்டான்னாலே நம்மூர்ல ஒரு இளக்காரம். "மார்க்கு கம்மி, பந்து நல்லா போடுவான், அதான் சீட்டு குடுத்துட்டாங்க" என்பார்கள். காலேஜ்ல நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். எட்டி பிளாங்க் கதையைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

லிங்கன் பேசினாரே, அதே கெட்டிஸ்பர்க். அங்கே 1832-ல் சாமுவேல் சைமன் ஷ்மக்கர் என்ற லூத்தரன் போதகர் ஒரு சின்னக் கல்லூரி ஆரம்பித்தார். அப்போது அதன் பெயர் பென்சில்வேனியா கல்லூரி. 1863 சண்டையில் அதன் கட்டடமே ஆஸ்பத்திரி ஆனது.

1875-ல் அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர் பிளாங்க். பேஸ்பாலில் மட்டைக்காரருக்குப் பந்தை எறிபவரை பிட்சர் என்பார்கள். இவர் இடதுகை பிட்சர். கல்லூரி அணியின் கோச் ஃபிராங்க் ஃபோர்மன், "வந்து எறிஞ்சு பாரேன்" என்று கூப்பிட்டார். ஆனால் பிளாங்க் அந்தக் கல்லூரியில் படிக்கவே இல்லை! அதோடு சேர்ந்த பள்ளியான அகாடமியில் படித்துக்கொண்டே கல்லூரி அணிக்கு ஆடினார். அப்போது வயசு இருபதைத் தாண்டியாச்சு.

1901-ல் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணிக்குப் போனார். மொத்தம் 326 வெற்றிகள். 1926-ல் காலமானார். 1946-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. கல்லூரியும் ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர் பெயரை வைத்துக்கொண்டது. அவர் அங்கே பட்டம் வாங்கியவர் என்றே பல பேர் எழுதிவிட்டார்கள் :-)

அப்புறம் காலம் மாறியது. 1973-ல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்றாம் டிவிஷன் என்று ஒரு பிரிவு வந்தது. விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கிடையாது என்பது அதன் சட்டம். கெட்டிஸ்பர்க், செயின்ட் ஓலாஃப், லூத்தர் மாதிரியான சின்ன லூத்தரன் கல்லூரிகள் அதில்தான் இருக்கின்றன. 2017-ல் அந்தப் பிரிவின் பேஸ்பால் கோப்பையை வென்றது கலிஃபோர்னியா லூத்தரன்.

ஆஹா, ஆட்டத்துக்காகவே ஆட்டம், எவ்வளவு சுத்தம் என்று நினைத்தேன். அப்புறம்தான் இன்னொரு கணக்கு புரிந்தது. ஸ்காலர்ஷிப் இல்லையென்றால் பையன் ஃபீஸ் கட்ட வேண்டும். ஒரு பேஸ்பால் டீம் வைத்தால் முப்பது நாற்பது பேர் சேருவார்கள். சீட்டு நிரம்பாமல் திண்டாடும் சின்னக் கல்லூரிக்கு அது பெரிய விஷயம். பிளாங்க் காலத்தில் கல்லூரிக்கு ஒரு கை வேண்டியிருந்தது. இப்போது தலைகள் வேண்டியிருக்கின்றன.

அதுவும் எப்போதும் காப்பாற்றிவிடாது. ஃபின்லாந்திலிருந்து போன லூத்தரன்கள் 1896-ல் மிச்சிகனில் தொடங்கிய கல்லூரி, பின்னாளில் ஃபின்லாண்டியா பல்கலைக்கழகம் ஆனது. 2023-ல் அதை மூடிவிட்டார்கள். பேஸ்பால் டீமும் அதோடு போச்சு.

கோட்டாவில் வந்தவன் ஓசியில் படிக்கிறான் என்று இனி சொல்ல மாட்டேன். அவனுக்குக் கல்லூரி தேவைப்பட்ட அளவுக்குக் கல்லூரிக்கும் அவன் தேவைப்பட்டிருக்கிறான்.

உங்க காலேஜ்ல அப்படி யாராவது இருந்தாங்களா? சொல்லுங்களேன்.