பூரெக்கைவிட யூரெக்!

சாரயேவோ என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம்தான் ஞாபகம் வரும். 1914 ஜூன் 28, ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட், கவ்ரிலோ பிரின்சிப்பின் துப்பாக்கி, முதல் உலகப் போர். பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண். அதன் பிறகு நம் பார்வையிலிருந்தே காணாமல் போகும் அந்த ஊர், 1992இல் முற்றுகைச் செய்தியாகத்தான் திரும்ப வருகிறது. இடையில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு நாளைப் பற்றித்தான் இந்த வாரம். 1984 பிப்ரவரி 14. குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான ஜெயன்ட் ஸ்லாலம் பந்தயம்.

1978 மே மாதம் ஏதென்ஸில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, ஜப்பானின் சப்போரோவையும் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கையும் விட்டுவிட்டு யூகோஸ்லாவியாவின் சாரயேவோவைத் தேர்ந்தெடுத்தது. ஒரு சோஷலிச நாட்டுக்குக் குளிர்கால ஒலிம்பிக் போனது அதுவே முதல் முறை. நேருவோடும் நாசரோடும் தோளில் கைபோட்டு நின்ற யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ அப்போது உயிரோடு இருந்தார். போட்டி நடந்தபோது அவர் இல்லை; 1980 மே 4 அன்று காலமாகிவிட்டார். ஸ்லோவேனியா, போஸ்னியா உட்பட ஆறு குடியரசுகளைக் கட்டி வைத்திருந்த மனிதர் போன பிறகு யூகோஸ்லாவியா உலகத்தைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தது. சாரயேவோ மக்கள் இதற்காகத் தங்கள் சம்பளத்தில் ஒரு சிறு பங்கையும் கொடுத்திருந்தார்கள்.

ஆண்களுக்கான மலைச்சறுக்குப் போட்டிகளுக்கு ஊருக்குத் தென்மேற்கே உள்ள பியெலாஷ்னிட்சா மலை ஒதுக்கப்பட்டது. உயரம் 2,067 மீட்டர். ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சிக் காலத்திலேயே, 1894இல், அதன் உச்சியில் வானிலை ஆய்வு நிலையம் கட்டியிருந்தார்கள். காற்றும் பனியும் அங்கே எப்படி மாறும் என்று அறிய அப்படியொரு நிலையம் தேவைப்பட்டது என்பதே அந்த மலையின் குணத்தைச் சொல்லிவிடும். 1984இலும் அது குணத்தைக் காட்டியது. பிப்ரவரி 8 அன்று கோஷெவோ மைதானத்தில் தொடக்க விழா. ஜாக்ரெப் நகரின் பனிநடன வீராங்கனை சாந்தா துப்ராவ்சிச் ஜோதியை ஏற்றினார். ஸ்லோவேனியப் பனிச்சறுக்கு வீரர் போயன் கிரிஷாய் வீரர்கள் சார்பில் உறுதிமொழி எடுத்தார். மறுநாள் நடக்க வேண்டிய ஆண்கள் டவுன்ஹில் பந்தயம் பனிப்புயலால் தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது, கடைசியில் 16ஆம் தேதிதான் நடந்தது. ராணுவத்தினரும் தொண்டர்களும் பனியை வாரிக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்தக் களேபரத்தில், ஆண்கள் மலைச்சறுக்கில் முதலாவதாக நடந்து முடிந்தது ஜெயன்ட் ஸ்லாலம்தான்.

அன்று காலை வரை போட்டியை நடத்தும் நாட்டுக்கு ஒரு பதக்கமும் இல்லை. இந்த ஒலிம்பிக்கில் மட்டுமா? 1924இல் ஷாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே கலந்துகொண்ட நாடு அது. 60 ஆண்டுகள். ஒரு வெண்கலம்கூட இல்லை.

கையில் வந்து நழுவியதும் உண்டு. 1980இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் இதே ஜெயன்ட் ஸ்லாலத்தில் போயன் கிரிஷாய் நான்காவதாக வந்தார். வெண்கலம் வாங்கிய ஆஸ்திரியரின் நேரம் 2 நிமிடம் 42.51 விநாடி. கிரிஷாயின் நேரம் 2 நிமிடம் 42.53. ஒரு மலையை இரண்டு முறை இறங்கி, கடைசியில் ஓரடி தூரத்தில் பதக்கம் போனது. அந்த நான்கு ஆண்டுகளில் ஸ்லோவேனியர்கள் அந்த 0.02ஐ எத்தனை முறை சொல்லிச் சொல்லி மாய்ந்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

இந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டவுன்ஹில் என்பது வேகம். ஸ்லாலம் என்பது நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கு நடுவே படபடவென்று வெட்டித் திரும்புவது. ஜெயன்ட் ஸ்லாலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வரும் வாயில்கள் ஒவ்வொன்றையும் தவறாமல் கடக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் ஆட்டத்திலிருந்து வெளியே. ஒரே சரிவில் ஒரு நாளில் இரண்டு சுற்று. ஆனால் இரண்டாவது சுற்றுக்கு வாயில்களைப் பிடுங்கி வேறு அமைப்பில் நடுவார்கள். அந்தப் பாதையில் ஒத்திகை பார்க்க அனுமதி கிடையாது. பக்கவாட்டில் மெல்ல இறங்கிப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். இரு சுற்றின் நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்தவரே வெற்றியாளர்.

1984இல் சறுக்குப் பலகைகள் இன்றுபோல இடுப்பு ஒடுங்கியவையாக இருக்கவில்லை. நேராக, இரண்டு மீட்டருக்கும் கூடுதல் நீளமாக இருந்தன. அதைத் திருப்ப வேண்டுமானால் வெளிப்புறக் காலில் மொத்த எடையையும் ஏற்றி, இரும்பு விளிம்பைப் பனிக்குள் அழுத்தி, பலகையே வில்லாக வளையும்வரை பொறுத்திருக்க வேண்டும். முந்தி அழுத்தினால் பலகை பக்கவாட்டில் வழுக்கும். பிந்தினால் அடுத்த வாயிலுக்குக் கீழே போய்விடுவீர்கள். பந்தயப் பாதையின் பனி பஞ்சு மாதிரி இருக்காது, இறுக்கி உறைய வைத்திருப்பார்கள். நன்றாக இறங்குகிறவரின் பலகையிலிருந்து கிளம்பும் பனித்தூள் குறைவு. பனித்தூள் வாரி இறைத்தால் வேகத்தை அங்கே சிந்திவிட்டுப் போகிறார் என்று அர்த்தம்.

ஜெயன்ட் ஸ்லாலம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1952இல், ஓஸ்லோவில். ஆண்களுக்கு 1964 வரை ஒரே சுற்றுதான். 1956இல் கார்ட்டினாவில் ஆஸ்திரியாவின் டோனி ஸெய்லர் 6.2 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் வீரர்களுக்கு இடையிலான தூரம் எவ்வளவு சுருங்கிப்போனது என்பதை இனி வரும் எண்களில் பாருங்கள்.

சாரயேவோவில் இரண்டு பெரிய பெயர்கள் இல்லை. லேக் பிளாசிட்டில் ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வாங்கிய ஸ்வீடனின் இங்கமார் ஸ்டென்மார்க், விளம்பரப் பணத்தை நேரடியாகப் பெற அனுமதிக்கும் உரிமம் வைத்திருந்ததால் ஒலிம்பிக்கிலிருந்து தடுக்கப்பட்டார். இத்தனைக்கும் அவர் உலகை வென்றது ஸ்லோவேனியாவின் பெகுன்யே ஊரில் தயாரான எலான் பலகைகளில். இன்னொருவர் மார்க் ஜிரார்தெல்லி. ஆஸ்திரியாவில் பிறந்து லக்ஸம்பர்குக்காக ஆடியவர். லக்ஸம்பர்க் குடியுரிமை அப்போது அவருக்கு இல்லாததால் அவரும் வெளியே. இதைக் காட்டி அந்தப் பந்தயத்தின் மதிப்பைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் உலகக் கோப்பையைத் தொடர்ந்து வென்ற அமெரிக்காவின் ஃபில் மாஹர் அங்கே இருந்தார். லேக் பிளாசிட்டின் வெள்ளிப் பதக்கக்காரர் ஆண்ட்ரியாஸ் வென்ஸல் இருந்தார். ஸெர்மட்டில் மாட்டர்ஹார்ன் மலையடியில் வளர்ந்த 22 வயது சுவிஸ் இளைஞர் மாக்ஸ் யூலன் இருந்தார். இவர்கள் மலிவான எதிராளிகள் இல்லை.

யூகோஸ்லாவியர்களின் கண் கிரிஷாய் மீதும், 1982 உலக சாம்பியன்ஷிப்பில் ஜெயன்ட் ஸ்லாலத்தில் வெண்கலம் வென்ற போரிஸ் ஸ்ட்ரெல் மீதும் இருந்தது. மூன்றாவதாக ஒருவர், யூரே ஃபிராங்கோ. 21 வயது. பிறந்தது நோவா கோரிட்சாவில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோரிட்சியா நகரம் இத்தாலிக்குப் போய்விட, எல்லைக்கு இந்தப் பக்கம் வெறும் நிலத்தில் இளைஞர் படைகள் வந்து கட்டியெழுப்பிய புது ஊர் அது. திராட்சையும் செர்ரியும் விளையும் வெதுவெதுப்பான பகுதி. பனிச்சறுக்கு வீரன் பிறக்கிற ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் சுற்று முடிந்தபோது யூலன் முன்னால் இருந்தார். கிரிஷாய் பின்தங்கிவிட்டார். ஃபிராங்கோ நான்காவது இடத்தில். நான்காவது இடம் அந்த நாட்டுக்கு எப்படி வலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது சுற்றில் அந்த இளைஞர் இறங்கியது, மலையில் அன்று வேறு யாரும் இறங்காத வேகத்தில். அந்தச் சுற்றின் மிகச் சிறந்த நேரம் அவருடையது. கணக்கு முடிந்தபோது அறிவிப்புப் பலகையில் நின்ற எண்கள் இவை: மாக்ஸ் யூலன் 2 நிமிடம் 41.18 விநாடி. யூரே ஃபிராங்கோ 2:41.41. லீக்டென்ஸ்டைனின் ஆண்ட்ரியாஸ் வென்ஸல் 2:41.75. ஐந்தாவது இடத்தில் ஸ்ட்ரெல். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே 0.23 விநாடி, அந்த வேகத்தில் நாலு மீட்டர் இருக்கலாம். வெண்கலம் வாங்கிய வென்ஸலின் நாட்டு மக்கள்தொகை அப்போது மொத்தமே 30 ஆயிரத்துக்குக் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைய மேடையே ஒரு அதிசயம்தான்.

ஆனால் அன்று மாலை சாரயேவோவில் யூலனைப் பற்றிப் பேச ஆளில்லை. பதக்க விழா நகருக்குள், ஸ்கெந்தெரியா அரங்கின் முன்னிருந்த திறந்த சதுக்கத்தில். கூட்டம் திரண்டது. அந்த நாட்களில் பிறந்து ஊர் முழுக்கப் பரவிய கோஷம்தான் இன்றைக்கும் நிற்கிறது: பூரெக்கைவிட யூரெக்கைத்தான் நேசிக்கிறோம்!

யூரெக் என்பது யூரேவுக்குச் செல்லப்பெயர். பூரெக் சாரயேவோவின் உயிர். வீச்சுப் பரோட்டாவுக்கு அடிப்பது போல மாவை மேசை நிறைய மெல்லிய துணியாக இழுத்து, நறுக்கிய இறைச்சியும் வெங்காயமும் மிளகும் வைத்துச் சுருட்டி, வட்டத் தட்டில் சுருள் சுருளாக அடுக்கி, மேலே மூடியிட்டு அதன் மீது தணல் கொட்டிச் சுடுவார்கள். கூடவே ஒரு கோப்பைத் தயிர். உள்ளே இறைச்சி இருந்தால்தான் பூரெக் என்பது அந்த ஊர்க்காரர்களின் கறாரான சட்டம். பாலாடைக்கட்டி வைத்ததற்கு அவர்களிடம் வேறு பெயர். அப்படிப்பட்ட ஊர் ஒரு மனிதனைப் பூரெக்குக்கு மேலே வைத்தது என்றால், அது சாதாரண வார்த்தை இல்லை.

இந்தக் கதையில் என்னை நிறுத்தி வைப்பது இந்த இடம்தான். ஃபிராங்கோ போஸ்னியர் இல்லை. ஸ்லோவேனியர், நாட்டின் மறுகோடியில், இத்தாலி எல்லையில் பிறந்தவர், வேறு மொழி பேசி வளர்ந்தவர். அவரை மசூதிகளும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களும் கத்தோலிக்கத் தேவாலயமும் யூத ஆலயமும் சில தெருக்களுக்குள் அடங்கிய ஒரு ஊர், தன் வீட்டுப் பிள்ளையாகத் தூக்கிக் கொண்டாடியது. அந்த ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா வாங்கிய ஒரே பதக்கம் ஃபிராங்கோவின் வெள்ளிதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நாம் அறிவோம். 1991 ஜூனில் ஸ்லோவேனியா பிரிந்தது. 1992 ஏப்ரலில் போஸ்னியப் போர் மூண்டு, சாரயேவோ முற்றுகை தொடங்கி 1,425 நாட்கள் நீடித்தது. பனிநடனம் நடந்த ஸெத்ரா அரங்கம் பிணவறையானது. அதன் மர இருக்கைகளைப் பெயர்த்துச் சவப்பெட்டி செய்தார்கள். கோஷெவோ மைதானத்தை ஒட்டிய நிலம் இடுகாடானது. த்ரெபெவிச் மலையில் பாப்ஸ்லெட் வண்டிகள் ஓடிய சிமெண்ட் ஓடை பீரங்கிப் படையின் நிலையானது. பியெலாஷ்னிட்சாவில் விடுதிகளும் சறுக்கு வசதிகளும் நாசமாயின, சரிவுகளைச் சுற்றிக் கண்ணிவெடிகள். 2012இல், முற்றுகை தொடங்கி 20 ஆண்டு ஆனபோது, ஊரின் பிரதான சாலையில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகக் காலியாக வைத்தார்கள். இறந்தவருக்கு ஒன்று வீதம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு 1984ஐப் பார்க்கிற வரலாற்று ஆசிரியர்கள் பலர், அந்தப் பிப்ரவரியைப் புயலுக்கு முந்தைய ஏமாற்று வெளிச்சமாக எழுதுகிறார்கள். அந்த ஒற்றுமை வெறும் பூச்சு, உள்ளே வெறுப்பு புகைந்துகொண்டிருந்தது, அதனால் அந்தக் கொண்டாட்டமும் பொய் என்று. இதை நான் ஏற்கவில்லை. பின்னால் வந்த கொலைகாரர்களுக்கு, முன்னால் நடந்ததையும் பொய்யாக்கும் உரிமையை நாம் ஏன் தர வேண்டும்? டிட்டோவுக்குப் பின் வந்த பொருளாதார நெருக்கடி, கடன் சுமை, அதிகாரத்துக்காக இனவாதத்தைக் கையிலெடுத்த தலைவர்கள் என்று போருக்குக் காரணங்கள் உண்டு. அவை முடிவெடுத்த மனிதர்களின் வேலை. ஸ்கெந்தெரியா சதுக்கத்தில் குளிரில் நின்று ஒரு ஸ்லோவேனியனின் பெயரைக் கத்தியவர்கள் யாரும் அந்தப் போரைத் தங்களுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு கத்தவில்லை.

போர் நடந்துகொண்டிருந்தபோதே அடுத்த குளிர்கால ஒலிம்பிக் ஒன்று வந்தது. 1994 பிப்ரவரி, நார்வேயின் லில்லஹாமர். ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்ச் போட்டிகளுக்கு நடுவே முற்றுகையில் இருந்த சாரயேவோவுக்குப் போய் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்லோவேனியா தன் சொந்தக் கொடியின் கீழ் மலைச்சறுக்கில் மூன்று வெண்கலம் வாங்கியது. போஸ்னியாவும் வந்திருந்தது. ஊர் குண்டு மழையில் நனைந்துகொண்டிருக்க, அதன் நால்வர் பாப்ஸ்லெட் அணியில் இரண்டு போஸ்னியாக் இனத்தவர் (போஸ்னிய முஸ்லிம்கள்), ஒரு குரோவேஷியர், ஒரு செர்பியர் ஒரே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். லில்லஹாமரின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)