அம்மம்மாவின் மூச்சு மெஷினும் மொன்றியலில் எழுதிய விதியும்



கோடை விடுமுறை தொடங்கினால் ட்ரூடோ விமான நிலையத்தில் எங்கள் ஆட்களைக் கண்டுபிடிப்பது சுலபம். நிறை கூடிப்போன பெட்டிகள், தரையில் இருந்தபடியே ஒரு பெட்டியிலிருந்து மற்றதுக்கு மாறும் சாமான்கள், பாஸ்போர்ட்டை மூன்றாம் தரம் தேடும் அப்பாக்கள். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அம்மம்மாவின் தோளிலோ அப்பப்பாவின் கையிலோ ஒரு சின்னச் சாம்பல் நிறப் பை. அதற்குள் இருப்பது கமெரா அல்ல. நித்திரையில் மூச்சு நின்றுபோகாமல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும் மெஷின். சீபாப் என்பது அதன் பெயர்.

“இது மருத்துவ உபகரணம், விமானத்துக்குள் எங்களோடு வரவேண்டும்” என்று கவுண்டரில் நிற்பவருக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொல்லவேண்டியவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அது நீங்கள்தான். அதனால் இந்தப் பையின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. அதில் ஒரு பெரிய பகுதி நடந்ததும் எங்கள் மொன்றியலில்தான்.

குறட்டைக்குப் பின்னால் ஒரு நோய்

எங்கள் வீடுகளில் குறட்டை ஒரு பகிடி. பெரிதாகக் குறட்டை விடுபவரைக் கும்பகர்ணன் என்போம். “நல்ல நித்திரை கொள்ளுறார்” என்றும் சொல்வோம். ஆனால் சிலருக்கு நடப்பது நல்ல நித்திரையே அல்ல. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழலின் மேல்வழி மூடிக்கொள்கிறது. பத்து விநாடி, சில வேளைகளில் அதற்கும் கூடுதலாக மூச்சு நிற்கிறது. மூளை பதறி எழுப்ப, ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பி வருகிறது. கடுமையான நோய் உள்ளவருக்கு இது மணிக்கு 30 தரமோ அதற்கு மேலோ நடக்கும். காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. களைப்பு மட்டும் இருக்கும். இரத்த அழுத்தம் ஏறும், இதயம் பாதிக்கப்படும், கார் ஓட்டும்போது கண் சொருகும்.

இந்த நோய் பழையது, அதைப் புரிந்துகொண்டதுதான் புதியது. 1965 இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் இருந்த ஆய்வாளர்கள் நித்திரையில் மூச்சு நிற்பதைக் கருவிகளால் பதிவு செய்தார்கள். 1976 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் கில்லெமினோவும் அவரோடு வேலை செய்தவர்களும் இதற்குத் தனி நோய் என்ற பெயரைக் கொடுத்தார்கள். பெயர் கிடைத்தும் வைத்தியம் பயங்கரமாகவே இருந்தது. கழுத்தில் துளை போட்டு, மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாய் வைப்பார்கள். நோய் மிகக் கடுமையானவர்களுக்கு அது ஒன்றே வழி.

ரொறன்ரோவில் நாய், சிட்னியில் மனிதர்

கொலின் சல்லிவன் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர் 1970களின் பிற்பகுதியில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் எலியட் பிலிப்சனோடு வேலை செய்தார். நித்திரை கொள்ளும் நாய்கள் எப்படி மூச்சு விடுகின்றன என்பதே அவர்களின் ஆராய்ச்சி. நாய்களின் முகத்துக்குப் பொருந்தும் முகமூடிகளோடு பழகிய அனுபவம் அவரோடு சிட்னிக்குத் திரும்பிப் போனது.

1980 ஜூனில், கழுத்தில் துளை போடவேண்டிய நிலையில் இருந்த ஒரு நோயாளி ஒரு இரவுப் பரிசோதனைக்குச் சம்மதித்தார். சல்லிவனின் யோசனை எளிமையானது. மூக்கு வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு விடாமல் ஊதிக்கொண்டிருந்தால், அந்தக் காற்றே தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும். காற்றூதும் மோட்டார் ஒன்று, குழாய், மூக்கில் ஒட்டிய முகமூடி, அவ்வளவுதான். அந்த மனிதர் ஆழ்ந்து நித்திரை கொண்டார். ஐந்து நோயாளிகளின் முடிவுகளோடு 1981 ஏப்ரலில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் கட்டுரை வந்தது.

அந்த முதல் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு யாரும் விமானம் ஏறியிருக்க முடியாது. அவை பெரியவை, பாரமானவை, பெருஞ்சத்தம் போடுபவை. இன்று பயணத்துக்கென்றே அரைக் கிலோவுக்கும் குறைந்த மெஷின்கள் இருக்கின்றன. மெஷின் சின்னதாகச் சின்னதாக இன்னொரு கேள்வி பெரிதானது. இதை விமானத்துக்குள் யார் விடுவார்கள்?

ஓஏசிஐ என்றால் என்ன?

மெட்ரோவின் ஒரேஞ்ச் லைனில் போகும்போது ஸ்குவேர் விக்டோரியா – ஓஏசிஐ என்ற நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். அந்த ஓஏசிஐ, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பிரெஞ்சுச் சுருக்கம். ஆங்கிலத்தில் ஐக்காவோ. 1944 டிசம்பர் 7 அன்று சிக்காகோவில் 52 நாடுகள் ஒப்பமிட்ட உடன்படிக்கையிலிருந்து பிறந்தது இது. 1947 ஏப்ரல் 4 அன்று முறைப்படி தொடங்கியது. ஐ.நா.வோடு இணைந்த இந்த அமைப்பின் தலைமையகம் ஆரம்பத்திலிருந்தே மொன்றியல். இன்று 193 நாடுகள் உறுப்பினர். இலங்கையும் இந்தியாவும் கனடாவும் அதில் அடக்கம்.

விமானத்தில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்ற உலகப் பொதுவிதி இங்கேதான் எழுதப்படுகிறது. அந்த விதிகளுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1973 நவம்பர் 3 அன்று நியூயோர்க்கிலிருந்து ஸ்கொட்லாந்துக்குப் புறப்பட்ட ஒரு சரக்கு விமானத்தில், சரியாகப் பொதி செய்யாத நைத்திரிக் அமிலம் கசிந்து புகை கிளம்பியது. பொஸ்டனில் இறங்க முயன்றபோது விமானம் விழுந்து, அதில் இருந்த மூவரும் இறந்தார்கள். ஆபத்தான பொருட்களுக்கு உறுதியான விதி வேண்டும் என்ற குரல் அதன்பிறகு ஓங்கியது. 1981 ஜூன் 26 அன்று ஐக்காவோ மன்றம் அதற்கான விதித்தொகுப்பை, 18ஆம் இணைப்பு என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. 1984 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

காலத்தைக் கவனியுங்கள். சிட்னியின் மெஷின் உலகுக்குத் தெரியவந்தது 1981 ஏப்ரலில். மொன்றியலின் விதி வந்தது 1981 ஜூனில். ஒன்றுக்கு மற்றதைப் பற்றித் தெரியாது. இரண்டும் பிறகு ஒரு பற்றரியில் சந்தித்தன.

பற்றரி ஏன் கையில் வரவேண்டும்?

லிதியம் அயன் பற்றரி 1991 இல் சந்தைக்கு வந்தது. போன், லப்ரொப், சீபாப் எல்லாவற்றையும் கையடக்கமாக்கியது அதுதான். ஆனால் அது பழுதானால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், பக்கத்தில் உள்ள பற்றரிக்கும் பரவும். 2010 செப்டெம்பர் 3 அன்று டுபாயிலிருந்து கிளம்பிய ஒரு சரக்கு விமானத்தில் தீப்பிடித்து இரு விமானிகளும் இறந்தார்கள். அந்தச் சரக்கில் ஆயிரக்கணக்கான லிதியம் பற்றரிகள் இருந்தன. 2016 ஏப்ரல் 1 முதல், பயணிகள் விமானங்களில் லிதியம் அயன் பற்றரிகளைச் சரக்காக ஏற்றுவதை ஐக்காவோ தடை செய்தது.

பயணிகள் கொண்டுபோகும் பற்றரிக்கும் இதே காரணம்தான். மேலே ஆட்கள் இருக்கும் இடத்தில் புகை வந்தால் பணியாளர்கள் கண்டு அணைக்கலாம். கீழே பெட்டிகள் இருக்கும் இடத்தில் பார்க்க ஒருவரும் இல்லை. ஆகவே மேலதிகப் பற்றரி ஒருபோதும் கீழே போகும் பெட்டிக்குள் போகக்கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், மேலதிகமாக இரண்டு மட்டும் கொண்டு போகலாம். 160க்கு மேல் பயணப் பையில் இடமில்லை.

பற்றரியில் வாட்-மணி எழுதியிருக்காவிட்டால் பெருக்கிப் பாருங்கள். 24 வோல்ட், 4 அம்பியர்-மணி என்றால் 24 × 4 = 96. கொண்டு போகலாம்.

உரிமை எப்படி வந்தது?

பாதுகாப்பு விதி மட்டும் போதாது. ஏற்றமாட்டோம் என்று நிறுவனம் சொன்னால் என்ன செய்வது? இங்கே வரலாற்றை மாற்றியவர்கள் பயணிகள். கனடாவில், உடலியலாமை உள்ள பயணிகளும் அவர்களுடைய அமைப்பும் கொடுத்த முறைப்பாட்டில், கனடியப் போக்குவரத்து முகவரகம் 2008 ஜனவரி 10 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. பயணத்தில் உதவியாளர் தேவைப்படுபவரிடமோ, உடல்நிலை காரணமாக இரண்டு இருக்கை தேவைப்படுபவரிடமோ உள்நாட்டுப் பயணத்தில் ஒரு கட்டணம்தான் வாங்கலாம் என்றது. முறைப்பாடு செய்தவர்களில் ஒருவர் அந்தத் தீர்ப்பைக் காண உயிரோடு இருக்கவில்லை. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குக் கேட்டன. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அதே ஆண்டில் அமெரிக்கா, சீபாப் போன்ற மூச்சு உபகரணங்களைப் பயணிகள் விமானத்துக்குள் கொண்டுவந்து பாவிக்க இடமளிக்கவேண்டும் என்று விதித்தது. 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்த விதி, அமெரிக்காவுக்கு வந்துபோகும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆனால் பயணி முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்றும், பறக்கும் நேரத்தின் ஒன்றரை மடங்குக்குப் பற்றரி வேண்டும் என்றும் நிறுவனம் கேட்கலாம். 12 மணி நேரப் பயணத்துக்கு 18 மணி நேரப் பற்றரி. கனடாவில் 2020 ஜூன் 25 முதல், இயலாமை உள்ளவர்களின் பயணத்துக்கான புதிய ஒழுங்குவிதிகள் சட்டமாக நடைமுறையில் இருக்கின்றன. 48 மணி நேரம் முன்னதாகக் கேட்டால் பெரிய நிறுவனங்கள் உதவியை ஒழுங்கு செய்தாகவேண்டும்.

இது ஏன் எங்கள் கதை?

1983க்குப் பிறகு மொன்றியலுக்கு வந்த எங்கள் ஆட்களில் பலர் இறங்கியது டோர்வாலில் அல்ல, மிராபெல்லில். 1975 முதல் 1997 வரை கடல்கடந்து வரும் வெளிநாட்டு விமானங்கள் அங்கேதான் வந்தன. அப்போது அவர்களுக்கு இருபது, முப்பது வயது. கையில் ஒரு பை. இன்று அவர்கள் அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். பல வருடங்களாகப் போகமுடியாத ஊருக்கு இப்போது போகிறார்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமான பிறகு சிலர் சென்னையிலிருந்து நேரே யாழ்ப்பாணத்திலேயே இறங்குகிறார்கள். மொன்றியலிலிருந்து எப்படிப் போனாலும் 20 மணி நேரத்துக்குக் குறையாத பயணம், அதில் ஒரு முழு இரவு விமானத்துக்குள்.

இந்தப் பயணத்தில் மெஷினை வீட்டிலேயே விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். “செக்கிங்கில பிரச்சினை வரும்”, “சனம் பார்க்கும்”, “நாலு கிழமைதானே” என்பார்கள். கீழே போகும் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பெட்டி வராமல் நாட்கணக்கில் மெஷின் இல்லாமல் இருப்பதும் நடக்கக்கூடியது. நாலு கிழமை என்பது 28 இரவு. மெஷின் இல்லாத ஒவ்வொரு இரவும் பழைய நோய் அப்படியே திரும்பி வரும்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியவை:

பயணத்துக்கு ஒரு கிழமை முன்னதாக விமான நிறுவனத்துக்கு அடியுங்கள். மெஷினின் பெயர், மொடல் இரண்டையும் சொல்லுங்கள். விமானத்துக்குள் பாவிக்கலாமா, இருக்கையில் மின்சாரம் இருக்கிறதா, மருத்துவ உபகரணத்தைக் கைப்பை எண்ணிக்கையில் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். வேறு நிறுவனத்தில் மாறி ஏறுவதென்றால் அவர்களிடமும் தனியாகக் கேட்கவேண்டும்.

வைத்தியரின் கடிதமும் மருந்துச்சீட்டின் பிரதியும் பையிலேயே இருக்கட்டும். மெஷினின் அழுத்த அளவு அதில் இருக்கவேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில் மெஷினைப் பையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லலாம். அம்மம்மா பதறாமல் இருக்க முதலே சொல்லி வையுங்கள். முகமூடியைச் சுத்தமான உறை ஒன்றில் போட்டுக் கொடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக்குங்கள். தண்ணீர் மோட்டாருக்குள் போனால் மெஷின் பழுது. காய்ச்சி வடித்த தண்ணீரை ஊரில் வாங்கலாம்.

கனடாவில் 120 வோல்ட், இலங்கையிலும் இந்தியாவிலும் 230. மின்மாற்றுப் பெட்டியில் 100–240 என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். பற்றரியில் ஓடும்போது சூடாக்கும் ஈரப்பத்தொட்டியை நிற்பாட்டினால் பற்றரி கூடிய நேரம் வரும். கரண்ட் போகும் இரவுகளில் இது உதவும்.

விமானத்தில் மதுவும் நித்திரைக் குளிசையும் வேண்டாம் என்று அப்பப்பாவுக்குச் சொல்லுங்கள். இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும்.

கவுண்டரில் யாராவது தயங்கினால் சத்தம் போடத் தேவையில்லை. பற்றரியின் வாட்-மணி எழுதிய பக்கத்தைத் திருப்பிக் காட்டி, எண்ணைச் சொல்லி, கடிதத்தை நீட்டுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மேலதிகாரியைக் கேளுங்கள். அம்மம்மா அந்த நேரத்தில் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். நீங்கள் ஆறுதலாகப் பேசினால் அவரும் ஆறுதலாக நிற்பார்.