"ஹலால் முதலீடு" என்ற பெயர் மட்டும் போதுமா? நம் சேமிப்பைக் காக்கும் அரசு அமைப்புகள்

வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் சேமிப்பை எங்கே போடுவது என்று தேடுவது இயல்பு. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, தாம்பரம் பகுதிகளிலும் வளைகுடாவில் உழைத்த பணமும், ஹஜ்ஜுக்கும் மகளின் நிக்காஹுக்கும் ஒதுக்கிய பணமும் இந்தக் கேள்வியோடு காத்திருக்கின்றன. மோசடிக்காரர்கள் குறிவைப்பதும் இந்தத் தேடலைத்தான்.

பெங்களூரு தந்த பாடம்

பெங்களூருவில் 2006இல் தொடங்கப்பட்ட ஐ.எம்.ஏ. நிறுவனம், "வட்டி இல்லை, லாபத்தில் பங்கு" என்று சொல்லிப் பணம் திரட்டியது. முதலீட்டாளர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2019 ஜூனில் நிறுவனர் துபாய்க்குச் சென்றுவிட, பல்லாயிரம் பேர் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். அடுத்த மாதம் அவர் டெல்லியில் கைது செய்யப்பட்டார். திரட்டப்பட்ட தொகை சுமார் 4,000 கோடி ரூபாய் என்கிறது சி.பி.ஐ.

அந்நிறுவனம் பணத்தை டெபாசிட் என்று வாங்கவில்லை. மக்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்தது. டெபாசிட் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் நேரடிப் பிடிக்குள் வராது. ரிசர்வ் வங்கி மாநில அரசை எச்சரித்திருந்தது. ஆனால் விசாரித்த வருவாய்த் துறை அதிகாரி சாதகமாக அறிக்கை தந்தார். அதற்கு லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் பின்னர் கைதானார். ஒரு துறைக்குத் தெரிந்தது மறு துறையில் நடவடிக்கையாக மாறவில்லை என்பதே இதில் நடந்த பிழை.

யார் எதைக் கண்காணிக்கிறார்கள்?

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ரிசர்வ் வங்கியின் கீழ் வருகின்றன. பங்குச் சந்தை, மியூச்சுவல் ஃபண்ட் ஆகியவற்றை செபியும், காப்பீட்டை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் கவனிக்கின்றன. சீட்டு நிறுவனங்கள் மாநிலப் பதிவுத் துறையின் பொறுப்பு. இவற்றுக்கு இடையிலுள்ள சந்துகளில்தான் மோசடி வளர்கிறது.

இதை அடைக்கவே ஒவ்வொரு மாநிலத்திலும் தலைமைச் செயலாளர் தலைமையில் மாநில அளவிலான ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. ரிசர்வ் வங்கி, செபி, நிறுவனப் பதிவாளர், காவல்துறை ஆகியோர் அதில் சேர்ந்து உட்கார்ந்து, சந்தேகத்துக்குரிய நிறுவனங்களைப் பற்றிய தகவலைப் பகிர்கிறார்கள். மக்களும் புகார் தர வசதியாக, ரிசர்வ் வங்கி 2016 ஆகஸ்டில் "சசேத்" இணையதளத்தைத் தொடங்கியது. அங்கு தரும் புகார் உரிய துறைக்கு அனுப்பப்படும். எந்தத் துறையிடம் போவது என்று நாம் அலைய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியாக ஏலம் விட்டு, பணத்தைப் பிரித்துத் தர இச்சட்டம் வழிசெய்கிறது. 2019இல் மத்திய அரசு அனுமதியற்ற டெபாசிட் திட்டங்களைத் தடை செய்தது. ஆனால் கூட்டு நிறுவனத்தில் கூட்டாளி போடும் மூலதனத்தை அச்சட்டம் டெபாசிட்டாகக் கருதுவதில்லை. ஆகவே "நீங்கள் பார்ட்னர்" என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால் இருமடங்கு கவனம் தேவை.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

பணம் கொடுக்கும் முன், "உங்களைக் கண்காணிப்பது எந்த அமைப்பு, பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். கிடைத்த பதிலை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே சரிபாருங்கள். கம்பெனியாகப் பதிவு செய்திருப்பதும், ஜி.எஸ்.டி. எண் இருப்பதும் மக்களிடம் பணம் திரட்ட அனுமதி ஆகாது. ஓர் ஆலிம் தரும் ஹலால் சான்றும் அப்படியே. வியாபார முறை மார்க்கத்துக்கு உட்பட்டதா என்பதை மட்டுமே அவர் சொல்ல முடியும். பணம் பத்திரமா என்பதற்கு அவர் பொறுப்பேற்க முடியாது.

ரசீதும் ஒப்பந்தமும் கையில் இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆன் 2:282 நமக்குக் கட்டளையிடுகிறது. உறவினர் சேர்த்துவிட்டார் என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது.

மாதத் தொகை ஒருமுறை தவறினாலே பொருளாதாரக் குற்றப்பிரிவிலும் சசேத்திலும் புகார் கொடுங்கள். ஆன்லைன் மோசடி என்றால் உடனே 1930க்கு அழையுங்கள். "புகார் கொடுத்தால் இருப்பதும் போய்விடும்" என்று சொல்லித் தடுப்பவர்கள் உண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் முடக்கக் கிடைக்கும் சொத்துதான் குறைகிறது. வெட்கப்பட்டு மௌனமாக இருந்தால் அடுத்த வீட்டுக்காரரும் ஏமாறுவார்.

ஜமாஅத் நிர்வாகிகளும் பதிவைச் சரிபார்க்காமல் எந்த முதலீட்டுத் திட்டத்துக்கும் பள்ளிவாசலில் இடம் தர வேண்டாம். மிம்பரின் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை ஓர் அமானிதம்.