வானலையில் வந்த தூதர்

1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆரியங்கோட்டிலும் பாறசாலையிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் களியக்காவிளைக்கு இப்பால் உள்ளவரானோம். பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் எல்லை உண்டு. வானொலிக்கு அது கிடையாது. நம் திண்ணைக்கு மாலைதோறும் தமிழ் பேசி வந்த அயல்நாட்டுத் தூதர் சிலர். அவரை அனுப்பியவர் யார், எதன்பொருட்டு அனுப்பினர் என்பதை அந்நாளில் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர்களுள் மூத்தவர் இலண்டனிலிருந்து வந்தவர். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே திங்களில், உலகப் போரின் நடுவே தொடங்கிற்று. அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயரிட்டவர் யாழ்ப்பாணத்து அறிஞர் சோ. சிவபாதசுந்தரம். மறுபுறம், 1942இல் செருமனியிலிருந்து முழங்கத் தொடங்கிய நேதாஜியின் ஆசாத் ஹிந்து வானொலியும் தமிழில் பேசிற்று. ஆண்டவரும் அவரை எதிர்த்தவரும் ஒரே மொழியைத் தூது விட்டனர்!

நம்மைப் பெரிதும் வியக்கவைப்பது சீன வானொலியே. 1962இல் எல்லைப் போர். மறு ஆண்டு ஆகஸ்டு திங்களிலேயே பீகிங்கிலிருந்து தமிழ் ஒலிபரப்பு. சீன இளைஞர் தமிழ் கற்று, தமிழ்ப் பெயர் பூண்டு அறிவித்தனர். தமிழகத்தில் நேயர் மன்றங்கள் தோன்றின. நாமும் இளமையில் கடிதம் எழுதியதுண்டு. எல்லைப் பூசலில் அவர் கட்சியை நாம் ஏற்கவில்லை. எனினும், சீனர் என்றதும் படைவீரன் முகம் மட்டுமே தோன்றிய நிலை மாறிற்று. ஓர் அரசு பிறநாட்டு மக்களின் மனத்தை நேரே நாடும் இம்முறைக்குப் பொதுமக்கள் அரசுறவு என்று பெயர். நம் அகில இந்திய வானொலியும் இலங்கைக்கும் தென்கிழக்காசியாவிற்கும் தமிழில் ஒலிபரப்பி இதனையே செய்தது.

இலங்கைப் போர் ஆண்டுகளில் தமிழோசைக்கு வேறொரு மதிப்பு வாய்த்தது. அதன் செலவிற்குப் பிரித்தானிய அரசே பணம் தந்தது. ஆயினும் ஈழத்துத் தமிழர் செய்தி அறிய அதனை நாடினர். தூதுவன் தன் அரசனைப் புகழாது நடந்ததைச் சொல்லும்போதுதான் தூது பலிக்கும் போலும்.

2017இல் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. பி.பி.சி. தமிழ் இணையத்திற்கும் கைபேசிக்கும் இடம்பெயர்ந்தது. வானொலிப் பெட்டியன்றி வேறறியாத முதியோர்க்கு அது பேரிழப்பு. நம் பிள்ளைகளோ பள்ளியில் மலையாளம் பயில்கின்றனர். தமிழை எழுத்துக் கூட்டியே படிக்கின்றனர். ஆனால், கைபேசியில் தமிழ்ச் செய்தியைத் தடையின்றிக் கேட்கின்றனர். அதனைத் தருவது எந்த நாடு என்று அவர்களிடம் வினவினோம்.

“தமிழ்ச் செய்திதானே!” என்றனர்.