தீபாவளி மருந்தும் ஜெர்மானிய இஞ்சி பிஸ்கட்டும்

தீபாவளியன்று கங்கா ஸ்நானம் ஆனவுடன் நாம் முதலில் வாயில் போட்டுக்கொள்வது பக்ஷணம் அல்ல, மருந்து. சுக்கும் மிளகும் திப்பிலியும் வெல்லத்தோடும் நெய்யோடும் சேரும் அந்த லேகியத்துக்கு ஐரோப்பாவில் ஓர் உறவு உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜெர்மனியில் பல வீடுகளில் செய்யும் ‘லேப்கூகன்’ என்ற இஞ்சி மணக்கும் பிஸ்கட்தான் அது.

இதற்குப் பேர்போன ஊர் நியூரம்பெர்க். ஊரைச் சுற்றியிருந்த காட்டில் தேன் எடுப்பது முக்கியத் தொழில். சுக்கு, மிளகு, பட்டை, கிராம்பு எல்லாம் கீழ்த்திசையிலிருந்து வெனிஸ் வழியாக வந்து சேர்ந்தன. இவை ஜீரணத்துக்கு நல்லவை என்று நம்பியதால், மத்திய காலக் கிறிஸ்தவ மடங்களில் இந்தப் பண்டத்துக்கு மருந்துபோல மதிப்பு இருந்தது. ‘மிளகு அப்பம்’ என்றும் இதற்குப் பெயர். தூர தேசத்து வாசனைச் சரக்குகளைப் பொதுவாக ‘மிளகு’ என்றே அந்நாளில் அங்கே சொல்வார்கள்.

இஞ்சியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘இங்வர்’, ஆங்கிலத்தின் ‘ஜிஞ்சர்’ இரண்டுக்கும் மூலம் நம் தென்னாட்டு ‘இஞ்சிவேர்’ என்பது மொழியறிஞர்கள் கருத்து. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தபின் கடல்வழி திறந்தது. 1505-ல் கண்ணூர், கொச்சிக்கு வந்த போர்ச்சுகீசியக் கப்பல்களில் நியூரம்பெர்க் வணிகர்களும் பணம் போட்டிருந்தார்கள்.

அந்த ஊரில் லேப்கூகன் செய்வோர் 1643-ல் தனிச் சங்கமாக அங்கீகாரம் பெற்றனர். இது பரவலாக வீட்டுப் பண்டமானது 19-ம் நூற்றாண்டில்தான். பீட்ரூட் சர்க்கரை மலிவானதும், பேக்கிங் அறையுடன் கூடிய இரும்பு அடுப்பு வீட்டுக்குள் வந்ததுமே காரணம்.

செய்முறையில் பொறுமைதான் முக்கியம். தேனைச் சூடாக்கி மாவில் பிசைந்து, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்கூட ஊறவைப்பார்கள். உப்புவதற்குச் சேர்க்கும் உப்பு ஒன்றை முன்பு மான்கொம்பிலிருந்து எடுத்தார்கள். இப்போது அது ரசாயன முறையில் தயாராகிறது. வெந்ததும் கடினமாக இருக்கும் பிஸ்கட்டை ஓர் ஆப்பிள் துண்டோடு டப்பாவில் மூடிவைத்தால், சில நாளில் மெதுவாகிவிடும். தேன் மாவில் செய்யும் பழைய வகைக்கு முட்டை அவசியமில்லை. ஆகவே சமையல் சோடா சேர்த்து நம் அகத்திலும் செய்து பார்க்கலாம்.

1996-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது. நியூரம்பெர்க் நகருக்குள் செய்ததை மட்டுமே ‘நியூரம்பெர்க் லேப்கூகன்’ என்று விற்கலாம். ‘எலிசன்’ என்ற உயர்ந்த ரகத்தில் மாவு 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. பாதாம் போன்ற பருப்புகள் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இவ்வளவு கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் தீபாவளி மருந்தின் அளவோ பாட்டிமார்களின் கைப்பக்குவத்தில்தான் இருக்கிறது. கடையில் லேகியம் கிடைக்கும். அந்தக் கைப்பக்குவம் கிடைக்காது. அடுத்த தீபாவளிக்குள் அகத்துப் பெரியவர்களிடம் சுக்கு எத்தனை, திப்பிலி எத்தனை என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வோம்.